மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? ஆபரேஷனுக்கு முன்னால் யாரைக் கேட்பது?

புதுவை கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து காலை பஸ்சில் வந்து இறங்குகிறவர்களில் இதய நோயாளிகளைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். கையில் எக்கோ ரிப்போர்ட். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கூடவே அண்ணன், மச்சான், மாமியார் என்று மூன்று பேர்.

"வால்வு கெட்டுப் போச்சு. மாத்தணும்" என்று டாக்டர் சொன்னதும் மூன்று பேர் முகமும் வெளுத்துவிடும். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வரும்.

"எந்த வால்வு வைக்கலாம்? மெட்டலா, டிஷ்யூவா?"

பதில் என்ன தெரியுமா?

"நீங்க பாத்து எதை வச்சாலும் சரிங்க டாக்டர்!"

மரியாதையான பதில்தான். ஆனால் பாதி பதில்! ஏனென்றால், ஆபரேஷன் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். வைத்த வால்வோடு பத்து, இருபது, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தப் போகிறவர் டாக்டர் அல்ல, நோயாளி! அந்தக் குடித்தனம் எப்படி இருக்கும் என்பதை டாக்டரை விட நன்றாகச் சொல்லக் கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஏற்கனவே வால்வு போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்தான் அவர்!

வால்வு என்றால் என்ன?

இதயத்தில் 4 வால்வுகள் இருக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் திறந்து விடும் மடை மாதிரி. ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விட வேண்டும். திரும்ப விடக் கூடாது. அதுதான் அதன் வேலை.

இதயம் நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கிறது என்றால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல்! வருஷத்துக்கு ஏறக்குறைய 4 கோடி தடவை! அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும். லீவு கிடையாது.

இந்த மடை சுருங்கிப் போனால் ரத்தம் போகாது. ஒழுகினால் ரத்தம் திரும்பி வரும். இரண்டிலும் இதயம் கூடுதலாக உழைத்து, ஒரு நாள் களைத்துப் போகும். அப்போதுதான் மூச்சு வாங்கல், கால் வீக்கம், படபடப்பு எல்லாம்.

தொண்டை வலியில் ஆரம்பம்!

நம் நாட்டில் சின்ன வயதிலேயே வால்வு கெடுவதற்கு முக்கிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஆரம்பம் சாதாரணத் தொண்டை வலிதான். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். ஒருவகைக் கிருமியால் வரும் அந்தத் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால், சில பேருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். முழங்கால் வீங்கும், அடுத்து கணுக்கால், அடுத்து மணிக்கட்டு.

மூட்டு வலி தானாகப் போய்விடும். "சரியாப் போச்சு" என்று வீட்டில் எல்லோரும் மறந்து விடுவார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்தை மறக்காது. உள்ளே வால்வைப் பதம் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும். பத்து, பதினைந்து வருஷம் கழித்து அதன் வேலை வெளியே தெரியும்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. கல்யாணம் ஆகி, முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ரத்த ஓட்டம் கூடும். அப்போதுதான் மூச்சு முட்டும். "கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கறது சகஜம்தானே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் வால்வு சுருங்கியிருக்கும்.

ருமாட்டிக் காய்ச்சல் ஒரு தடவை வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, டாக்டர் சொல்கிற வருஷம் வரை விடாமல் போட்டால், வால்வு மேலும் கெடாமல் காப்பாற்றலாம். ஊசிக்குப் பயந்து நிறுத்தினால்தான் ஆபத்து.

முதல் கேள்வி இதுதான்!

வால்வு கெட்டுவிட்டது என்றதும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. "என் வால்வையே ரிப்பேர் பண்ண முடியாதா?" என்பதுதான் நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மைட்ரல் வால்வு சுருங்கியிருந்து, அது ரொம்பக் கெட்டிப்படாமலும் ஒழுகாமலும் இருந்தால், தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனை ஊதி விரிக்கலாம். ஜப்பான் டாக்டர் கான்ஜி இனோவே 1982ல் இந்த முறையைக் கொண்டு வந்தார். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. ஒழுகும் வால்வு சிலவற்றைத் தைத்துச் சரி செய்யவும் முடியும்.

இரண்டுக்கும் வழி இல்லை என்றால்தான் மாற்று வால்வு. அதில் இரண்டு ஜாதி. ஒன்று மெட்டல்; மற்றது டிஷ்யூ.

ஏணியிலிருந்து விழுந்து இறந்தவர்!

செயற்கை வால்வு பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் லோவல் எட்வர்ட்ஸ் என்று ஒரு ஓய்வு பெற்ற என்ஜினீயர். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சலால் அவதிப்பட்டவர். "செயற்கை இதயம் செய்ய வேண்டும்" என்று ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் டாக்டரிடம் 1958ல் போனார். "முழு இதயம் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு வால்வு செய்வோம்" என்றார் டாக்டர்.

ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் ஒரு பந்து. பந்து மேலே போனால் ரத்தம் போகும். கீழே உட்கார்ந்தால் அடைபடும். 1960ல் அதை 52 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்தார்கள். அவர் சுமார் 10 வருஷம் நல்லபடியாக வாழ்ந்தார். பிறகு இறந்ததும் வால்வினால் அல்ல. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து!

திருவனந்தபுரத்தில் செய்த வால்வு

வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாத காலம் ஒன்று இருந்தது. அப்போது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் ஆஸ்பத்திரியின் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான், "நாமே செய்வோம்" என்று கிளம்பினார்.

லேசில் வரவில்லை. முதல் மாடல் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லால் தட்டு செய்து ஆட்டுக்கு வைத்துப் பார்த்தார்கள். தட்டு உடைந்து ஆடு செத்தது. நாலாவது மாடலில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. கோபால்ட் கலந்த உலோகக் கூடு. அது ஜெயித்தது! 1990 டிசம்பர் 6ந் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள்.

சித்திரா வால்வு என்று பெயர் பெற்ற இதை டி.டி.கே. கம்பெனி தயாரித்து விற்கிறது. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவர் செய்த வால்வு லட்சம் நெஞ்சுகளில் துடித்துக்கொண்டிருக்கிறது.

மெட்டல் வால்வு என்று பேச்சுக்குச் சொன்னாலும், பல கம்பெனி வால்வுகளில் திறந்து மூடும் தட்டு ஒருவகைக் கெட்டிக் கார்பன். எதுவானாலும் லேசில் தேயாது. ஆயுசுக்கும் உழைக்கும். இதுதான் அதன் பெருமை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உடம்புக்கு அது அன்னியப் பொருள். ரத்தம் அதன் மேல் பட்டுப் பட்டு உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். அல்லது ரத்தக்கட்டி மூளைக்கு ஓடி கை கால் விழுந்துவிடும். அதைத் தடுக்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட வேண்டும். எத்தனை நாள்? உயிர் உள்ளவரை! ஒரு நாள் விடாமல்!

பாரிஸ் கொடுத்த வால்வு

டிஷ்யூ வால்வுக்கு வழி காட்டியது பிரெஞ்சு தேசம். பாரிஸ் டாக்டர்கள் 1965ல் பன்றியின் வால்வை மனிதனுக்கு வைத்தார்கள். ஆரம்பத்தில் அது சீக்கிரம் கெட்டுப்போனது. 1968ல் அலன் கார்ப்பென்டியே என்ற டாக்டர் அதை ரசாயனத்தில் ஊற வைத்துப் பதப்படுத்தினார். அதன் பிறகு நீடித்து உழைத்தது. இன்று பன்றி வால்விலும், மாட்டின் இதய உறையிலும் இவை தயாராகின்றன.

இதில் மாத்திரைத் தொல்லை குறைவு. பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதம் வரைதான் ரத்தம் உறையாத மாத்திரை. சத்தமும் கிடையாது.

குறை என்ன? தேயும்! வயதானவர்களுக்கு 10 முதல் 15 வருஷம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் வரும். சின்ன வயதுக்காரர்களுக்குச் சீக்கிரமே கெட்டுவிடும். அப்போது மறுபடியும் ஆபரேஷன். முதல் தடவையை விட இரண்டாவது தடவை கஷ்டம் அதிகம். காலின் ரத்தக்குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வைச் செருகும் முறையும் இப்போது வந்திருக்கிறது. ஆனால் செலவு அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது.

பன்றி, மாடு என்றதும் மனசு சங்கடப்படுகிறவர்கள் இருப்பார்கள். அதை மென்று விழுங்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தாங்கள் மதிக்கும் மதப் பெரியவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். வைத்த பிறகு தெரிந்து வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

மூன்று வீடு... மூன்று முடிவு!

எந்த வால்வு நல்லது? இந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. யாருக்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

வில்லியனூரில் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 70. அவருக்கு டிஷ்யூ வால்வுதான் பெரும்பாலும் சிபாரிசு செய்வார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வால்வின் ஆயுசு போதும். மாத்திரையால் ரத்தக் கசிவு வரும் ஆபத்தும் குறைவு.

பாகூரில் 38 வயது விவசாயி என்று வைத்துக்கொள்வோம். இன்னும் முப்பது வருஷம் ஏர் பிடிக்க வேண்டியவர். டிஷ்யூ வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு ஆபரேஷன் காத்திருக்கிறது. 50 வயதுக்குக் கீழே மெட்டல் வால்வு என்பதுதான் பொதுவான வழக்கம். ஆனால் அவர் தினசரி மாத்திரை போடுவாரா? மாதா மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வருவாரா? வர மாட்டார் என்றால், ஆயுசுக்கும் உழைக்கிற வால்வே ஆயுசுக்கு உலை வைத்துவிடும்!

மூன்றாவது வீட்டில் 24 வயதுப் பெண். புதுசாகக் கல்யாணம் ஆனவள். பிள்ளை வேண்டும். இங்கேதான் முடிச்சு! ரத்தம் உறையாத மாத்திரை, கர்ப்பத்தின் 6வது வாரம் முதல் 12வது வாரம் வரை வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தினால் தாயின் வால்வுக்கு ஆபத்து. அந்த நாட்களில் ஊசி மருந்துக்கு மாற்றுவது உண்டு. அதிலும் ஆபத்து முழுசாக நீங்காது. ஆகவே சிலர், "முதலில் டிஷ்யூ வைத்துப் பிள்ளை பெற்றுக்கொள்கிறேன். பின்னால் இன்னொரு ஆபரேஷனைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்கிறார்கள். அதுவும் ஒரு கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியது அந்தப் பெண்தான். மாமியாரும் மச்சானும் அல்ல!

50க்கும் 65க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தலாம். அங்கே நோயாளியின் விருப்பம்தான் தராசு.

இன்னொரு விஷயம். ருமாட்டிக் நோய்க்காரர்கள் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கும். அவர்கள் எந்த வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர் மாத்திரைக்குப் பயந்து டிஷ்யூ வைத்துக்கொண்டால் என்ன லாபம்? "எனக்கு எப்படியும் மாத்திரை உண்டா?" என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

மாத்திரையோடு குடித்தனம்

அசிட்ரோம், வார்ஃபரின் என்று கடையில் கிடைப்பவைதான் இந்த மாத்திரைகள். சின்ன மாத்திரை, பெரிய பொறுப்பு. குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் ரத்தம் கசியும். நடுவில் கயிற்றின் மேல் நடக்க வேண்டும்.

கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 இருக்கும். மெட்டல் வால்வுக்காரருக்கு வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து 2 முதல் 3 வரை, அல்லது 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று டாக்டர் குறித்துக் கொடுப்பார். ஆரம்பத்தில் அடிக்கடி எடுக்க வேண்டும். சீரான பிறகு மாதம் ஒரு முறை.

இங்கேதான் பாகூர்க்காரருக்கும் நகரவாசிக்கும் வித்தியாசம். பாகூரிலிருந்து புதுவை பஸ் நிலையம் ஒரு பஸ். அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. நாற்று நடவு சமயத்தில் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தோன்றும். அந்த அடுத்த மாசம்தான் எமன்!

ஆகவே, வீட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பரிசோதனையை எங்கே எடுக்கலாம், ரிசல்ட்டை யாரிடம் காட்டி மாத்திரை அளவைக் கேட்கலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும். வால்வைத் தேர்ந்தெடுப்பதில் இதுவும் ஒரு பாகம்.

"புது மாத்திரை வந்திருக்காமே, ரத்தமே எடுக்க வேணாமாமே" என்று சிலர் சொல்வார்கள். மெட்டல் வால்வுக்காரர்களுக்கு அது ஆகாது! அப்படி ஒரு புது மருந்தை மெட்டல் வால்வுக்காரர்களுக்குக் கொடுத்து நடந்த ஆராய்ச்சியில் ரத்தக்கட்டும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம் என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்கள். 2013ல் அந்த முடிவு வெளியானது.

கீரையை விலக்கு என்று சிலர் பயமுறுத்துவார்கள். விலக்க வேண்டாம், அளவு மாறக் கூடாது. வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடலாம். ஒரு மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் கணக்கு கெடும். காரணம், கீரையில் உள்ள வைட்டமின் கே. மாத்திரையின் வேலைக்கு அது எதிரி.

உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, பெயர் தெரியாத சூரணம், லேகியம் எதுவும் கூடாது. இடுப்பில் ஊசி போட வந்தால், "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். சாராயக் கடைக்கு ஒரு கும்பிடு! குடி இந்த மாத்திரையின் அளவைத் தலைகீழாக்கிவிடும்.

இந்த வால்வானாலும் அந்த வால்வானாலும் பல் சுத்தம் முக்கியம். பல் பிடுங்கும் முன்பு கிருமி மருந்து சாப்பிட வேண்டும். பல் வழியாக ரத்தத்தில் போகும் கிருமி நேராக வால்வில் போய்க் குடியேறும்.

1951ல் நாலு பேர்!

இதையெல்லாம் டாக்டர் சொல்லித்தான் அனுப்புகிறார். ஆனால் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், பயந்த மனசில், எத்தனை காதில் ஏறும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டுவைட் ஹார்க்கன் என்ற இதய ஆபரேஷன் டாக்டர் இருந்தார். இதய ஆபரேஷன் என்றாலே மரண தண்டனை மாதிரி ஜனங்கள் நடுங்கிய காலம் அது. 1951 ஜனவரியில் அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்த நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். "நாம பட்டதைச் சொன்னா, அடுத்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்களுக்குத் தைரியம் வருமே!" என்று அவர்களுக்குத் தோன்றியது. ஹார்க்கனும் துணை நின்றார். 'மெண்டட் ஹார்ட்ஸ்' என்ற சங்கம் பிறந்தது. தைத்த இதயங்கள் என்று சொல்லலாம். ஆபரேஷன் ஆனவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் போய்ப் பார்த்துப் பேசுவதுதான் அதன் வேலை. இன்றும் நடக்கிறது.

நம் ஊரில் இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். இதய டாக்டரைப் பார்க்கும் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் ஏற்கனவே ஆபரேஷன் ஆகி மாத்திரைக்கு வந்தவர்கள்தான். பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து கேட்டால் போதும். பேச்சு இப்படித்தான் போகும்:-

"அண்ணே, டிக் டிக்னு சத்தம் வரும்னு சொல்றாங்களே, ராத்திரி தூங்க முடியுதா?"

"முதல் ரெண்டு மாசம் கேக்கும் தம்பி. ஊர் அடங்கின பிறகு நல்லாவே கேக்கும். அப்புறம் அது பாட்டுக்கு அது. நம்ம பாட்டுக்கு நாம. இப்ப சத்தம் கேக்கலேன்னாதான் பயம்!"

"வயல் வேலை பாக்க முடியுதா?"

"நெஞ்செலும்பு கூடற வரைக்கும் மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது. இப்ப வேலை செய்யறேன். அருவா பட்டா மட்டும் ரத்தம் லேசில நிக்காது. துணியை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கணும்."

"மாத்திரை மறந்துட்டா?"

"ராத்திரி சாப்பாட்டுத் தட்டு பக்கத்துலயே டப்பா வச்சிருக்கேன். காலண்டர்ல டிக் அடிச்சிடறது எம் பொண்ணு வேலை. ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது தம்பி. டாக்டரைக் கேக்கணும்."

இந்தப் பத்து நிமிஷப் பேச்சு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பெண்களுக்கு இது இன்னும் அவசியம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடுமா, பிள்ளை பெற்றபோது என்ன பாடு, தழும்பு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் இன்னொரு பெண்ணிடம்தான் மனசு விட்டுக் கேட்க முடியும். "அக்கா" என்று கூப்பிட்டால் போதும். பாதிப் பயம் போய்விடும்.

எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கக் கூடாது?

ஆனால் எச்சரிக்கை! பட்டவர் சொல்வது எல்லாம் வேதவாக்கு அல்ல.

தூக்கம், சத்தம், வேலை, பஸ் செலவு, பரிசோதனை நாள், வீட்டில் யார் துணை, எத்தனை நாளில் சைக்கிள் மிதித்தார் என்பதை எல்லாம் கேட்கலாம். "திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னா இதையே வைப்பீங்களா?" என்று கட்டாயம் கேட்கலாம். மெட்டல் வைத்தவர் ஒருவர், டிஷ்யூ வைத்தவர் ஒருவர் என்று இரண்டு பக்கமும் கேட்பது நல்லது. ஒருவரை மட்டும் கேட்டால் அவர் அனுபவமே சட்டம் ஆகிவிடும்.

கேட்கக் கூடாதது மாத்திரை அளவு! "எனக்கு ரெண்டு மில்லிகிராம், நீயும் அதையே போடு" என்று யாராவது சொன்னால் கும்பிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒருவருக்கு மருந்தாகும் அளவு இன்னொருவருக்கு விஷமாகும். அதேபோல, "எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா ஆபரேஷன்ல போயிட்டார்" என்று ஆரம்பிப்பவரிடமும் அதிக நேரம் உட்காரக் கூடாது. அவர் வயது வேறு, நோய் வேறு, காலம் வேறு.

ஆபத்தைக் காட்டும் அறிகுறிகளைப் பட்டவர்கள் விரலை மடக்கிச் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போனால், ஈறில் ரத்தம் நிற்காவிட்டால், கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வாய் கோணினால், கை மரத்தால், டிக் சத்தம் மங்கித் திடீரென்று மூச்சு முட்டினால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி! மெட்டல் வால்வு வைத்த பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்!

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போகும். ஆகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது உத்தமம். எழுத வேண்டியவை இவைதான்:-

என் வால்வை ரிப்பேர் செய்ய முடியாதா? பலூன் போதாதா?

என் வயதுக்கு எது பொருத்தம்? ஏன்?

டிஷ்யூ வைத்தால் எத்தனை வருஷத்தில் இரண்டாவது ஆபரேஷன் வரலாம்?

எனக்கு எப்படியும் ரத்தம் உறையாத மாத்திரை தேவையா?

பிள்ளை பெறுவதானால் என்ன வழி?

மாதப் பரிசோதனை எங்கே? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

ஏழைக் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் அட்டை இருக்கிறது. வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை. வால்வு மாற்றும் ஆபரேஷனும் அதில் சேர்ந்தது. அட்டையை முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொண்டால் அட்மிஷன் சமயத்தில் அலைச்சல் இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் எந்த வால்வு, என்ன சைஸ், எந்தத் தேதி என்று எழுதிய கார்டு ஒன்று தருவார்கள். அதைப் பர்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியனூரிலும் பாகூரிலும் மகளிர் குழு இல்லாத தெரு குறைவு. கடனுக்கும் தவணைக்கும் கூடிப் பேசுகிறார்கள். தெருவில் ஒருவருக்கு வால்வு ஆபரேஷன் என்று தெரிந்தால், ஏற்கனவே ஆனவரைத் தேடிப் பிடித்து அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைப்பதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை.

அப்படிப் பேசிவிட்டுப் போகிறவர், "நீங்க பாத்து எதை வச்சாலும் சரிங்க" என்று சொல்ல மாட்டார். "மாசா மாசம் ரத்தம் எடுக்க என்னால வர முடியும் டாக்டர், மெட்டலே வைங்க" என்பார். அல்லது, "எனக்கு ரெண்டு வருஷத்துல பிள்ளை வேணும் டாக்டர், அதுக்குத் தோதா எது?" என்று கேட்பார்.

டாக்டருக்கும் அந்தப் பதில்தான் வேண்டும்!